மேகம் மூடிய பின்னேரம்

காலை 6.40. வெருகலில், தன் குசினி வாசலில் யோகம்மா விழுந்து கிடந்தாள். பக்கத்தில் பாதி குடித்த தேத்தண்ணி. வயலிலிருந்து ஓடிவந்து தூக்கிய கணவன் தங்கத்துரையின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. பூச்சிமருந்து நஞ்சு என்றார் டாக்டர்.

9.15. சப் இன்ஸ்பெக்டர் சனூஸா வந்து இறங்கியபோது, ஊர் குற்றவாளியை முடிவுசெய்துவிட்டிருந்தது. தண்ணீர் ஆராய்ச்சியாளர் தர்சிகா. வயல் மருந்து ஊறிய யோகம்மா வீட்டுக் கிணற்றடியில் போன மாதம் கண்ணாடித் தட்டு அமைத்தவள் அவள். கிணற்றுத் தண்ணீர் ஓடும் அந்தத் தட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் பூச்சு. வெயில் பட்டால் அது தண்ணீரிலுள்ள மருந்தை உடைத்துவிடும். பிறகு தண்ணீர் குடிதண்ணீர்த் தாங்கிக்கு இறங்கும்.

தர்சிகாவை ஊரார் வளவுக்குள் விடவில்லை. சனூஸா தாங்கித் தண்ணீரைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். யோகம்மாவுக்கு மூன்று நாளாகத் தடிமன், மூக்கடைப்பு, ஒரு மணமும் தெரியாது என்று அயலார் சொன்னார்கள்.

வேலியில் மருந்தடிக்கும் கருவி கழுவித் தொங்கியது. வாய்க்கால் கரையில் வட்டமாகக் கருகிய இடம் ஒன்று. அதற்குள் புதுப்புல் முளைத்திருந்தது.

பின்னேரம் 4.30. முடிவு வந்தது. தாங்கியில் மருந்து ஏராளம். ஆனால் வெயில் உடைத்த மருந்து விட்டுச்செல்லும் மிச்சங்கள் ஒன்றுமே இல்லை.

சனூஸா தங்கத்துரையின் முன்னால் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“நேற்று எத்தனை மணிக்கு மருந்தடிச்சு முடிச்சனீங்கள்?”

“நாலு மணி.”

“மிச்சத்தை வழக்கமா வாய்க்கால் கரையில ஊத்துவீங்கள். இப்ப அங்க புல் முளைச்சிருக்கு. நேற்று எங்க ஊத்தினீங்கள், ஐயா?”

“தட்டிலதான். வெளிச்சம் நஞ்சைத் தின்னும் எண்டு அந்தப் பிள்ளை சொன்னவ. வாய்க்காலில கலந்தா மீன் சாகும்.”

சனூஸா ஆய்வுகூட முடிவை மடித்து வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரிலுள்ள கொஞ்ச மருந்துக்கே அந்தத் தட்டுக்குப் பல மணிநேர வெயில் வேண்டும். நேற்று மூன்று மணிக்கே மேகம் மூடிவிட்டது. ஊற்றியது அப்படியே தாங்கிக்கு இறங்கியது. விடியற்காலையில் யோகம்மா அதில் தேத்தண்ணி வைத்தாள்.

படலைக்கு வெளியே நின்ற தர்சிகா, இதையெல்லாம் தான் விளங்கப்படுத்தவில்லை என்று சொல்லி அழுதாள். அவளை யாரும் ஏசவில்லை.

தங்கத்துரை அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“சாகேக்க அவவுக்குத் தெரிஞ்சிருக்குமோ, நான்தான் எண்டு?”

“இல்லை ஐயா,” என்றாள் சனூஸா. “தெரிஞ்சிருக்க ஏலாது.”

அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து, பொலிஸ் ஜீப்பில் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.