இருபது மில்லிமீட்டர்

வெள்ளிக்கிழமை காலை, கரண்டி பல்லில் இடித்தது.

பெரிய சத்தமில்லை. ஆயர் ஈத்தாம் பிளாட்டின் எட்டாவது மாடியில், சமையலறை ஜன்னலோரம் நின்றபடி ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நவோமி, கரண்டியை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஆறு வருடமாக அவள் வாய்க்குள் போய்வரும் அதே கரண்டி. மறுபடி கொண்டுபோனாள். மறுபடி இடித்தது. கீழே பசாரில் மீன் பெட்டிகளைச் சிமெண்டுத் தரையில் இழுக்கும் ஓசையும், மலையடிவாரத்து ஈரமும், யாரோ வதக்கும் பூண்டின் மணமும் எந்நாளும் போலவே மேலேறி வந்துகொண்டிருந்தன. உலகத்தில் எதுவும் அளவு மாறியிருக்கவில்லை, கரண்டி நுழையும் அந்த ஓரிடத்தைத் தவிர. கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, மிச்சக் கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள். கிண்ணத்தைக் கழுவும்போது கீழுதட்டில் ஏதோ சின்னதாக, உலர்ந்ததாக ஒட்டியிருப்பது போலிருந்தது. துடைத்தாள். விரலில் ஒன்றுமில்லை.

பேருந்தில் போகும்போது, நேற்று செய்த காரியத்தை நினைக்கக்கூடாது என்று முடிவு செய்தாள். பேருந்து நகருக்குள் நுழையும்வரை அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாய்களை அளப்பது அவள் வேலை. ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் வாய், தாடை நோய்களை ஆராயும் சிறிய பிரிவு ஒன்று இருக்கிறது. வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களில் சிலருக்கு வாயின் உட்தோல் வெளுத்து, நார் நாராக இறுகி, வருடத்துக்கு வருடம் வாய் மூடிக்கொண்டே வரும். இறுகியது மறுபடி இளகுவதில்லை. எத்தனை வேகத்தில் மூடுகிறது என்பதுதான் ஆராய்ச்சி. அறுபது பேர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வருடம். நவோமி எஃகுக் காலிப்பரை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து, வந்த எண்ணை எழுதுவாள். நல்ல வாய் நாற்பது மில்லிமீட்டர் திறக்கும். அவளிடம் வருகிற வாய்கள் முப்பதைத் தொட்டாலே அதிகம். மருந்து கொடுப்பது அவள் வேலையில்லை. கொடுப்பதற்குப் பெரிதாக மருந்தும் இல்லை.

முப்பத்தேழாம் எண், லெட்சுமி. பத்து காவான் என்கிற ஊர் தோட்டமாக இருந்த காலத்தில் அங்கே வேலை செய்தவர். இப்போது கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில், மகள் ஜெகதீஸ்வரியோடு இருந்தார். முதல்முறை இருபத்தேழு. அடுத்தமுறை இருபத்துநான்கு. அதற்கடுத்து இருபத்திரண்டு. ஒவ்வொரு முறையும் காலிப்பரை வெளியே எடுத்ததும், அந்தச் சிறிய இடைவெளி வழியாகவே சிரிப்பார்.

“வாயத் தொற தொறன்னு சொல்றியேம்மா, ஒரு நாளாச்சும் உள்ள ஏதாச்சும் போட்டிருக்கியா?”

“அடுத்த வாட்டி கண்டிப்பா, ஆன்ட்டி.”

அடுத்த வாட்டி அவர் வரவில்லை. நான்கு நாள் தொலைபேசியில் கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

“நவோமி, தேர்ட்டி செவன் மட்டும் கோசோங்கா இருக்கு லா,” என்றார் பிரிவின் தலைவர் டாக்டர் வில்லியம், திரையில் வெறுமையாக இருந்த அந்த ஒற்றைக் கட்டத்தைப் பேனாவால் தட்டியபடி. “ஏற்கனவே பதினொரு பேருக்கு ‘வரவில்லை’ன்னு போட்டாச்சு. இன்னும் ஒண்ணு போச்சுன்னா மூணு வருஷ வேலையும் குப்பைக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாச்சும் முடிச்சிடு.”

வியாழக்கிழமை மதியம் மாடியில் வேறு யாரும் இல்லை. மழை கட்டி, மூன்று மணிக்கே அறை இருண்டிருந்தது. வாய்க்கு வந்த ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நவோமிக்குக் கை வரவில்லை. அளக்காத எண்ணை அவள் இதுவரை எழுதியதில்லை. அதனால் நோயாளிகளின் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். முந்தைய எண்கள் இறங்கிய வேகத்தைப் பார்த்துக் காலிப்பரை இருபதில் நிறுத்தி, அதன் முனைகள் மேலும் கீழும் பல்லைத் தொடும்வரை தன் வாயை மெல்ல மூடினாள். கண்ணாடியில் பார்த்தாள். இருபது மில்லிமீட்டர். உண்மையாக அளந்த எண். அதை முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே எழுதினாள். நாக்கில் எஃகின் ருசி இருந்தது. அதற்கு அடியில், மிக மெல்லிசாக, சுண்ணாம்பின் ருசி.

அது நேற்று. இன்று அலுவலகத்துக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தாள். நேற்றுவரை நாற்பத்திரண்டு திறந்த வாய் முப்பத்துமூன்றில் நின்றது. வலி இல்லை. இழுப்பு இல்லை. கதவு முழுக்கத் திறந்துவிட்டால் எப்படி நிற்குமோ, அப்படி நின்றது.

சனிக்கிழமை எழுந்தபோது தலையணையில் ஒரு பச்சரிசி மணி கிடந்தது. அவள் பச்சரிசி வாங்குவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். வெள்ளையாக, சற்று ஈரமாக, யாரோ மஞ்சள் பட்ட விரலால் எடுத்துப் போட்டதுபோல் ஓரத்தில் மங்கிய மஞ்சளோடு இருந்தது. கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அன்று அளவு இருபத்தேழு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் முதல் வாசகம் அவளுடைய முறை. ஒன்பது வருடமாக அந்த ஒலிபெருக்கியில் படித்துப் பழகியவள்தான். அன்று வார்த்தைகள் உதட்டுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு, நசுங்கி, வேறு யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதுபோல் வெளியே வந்தன. “மைக் ரிப்பேர் போல,” என்றார் முன்வரிசையில் ஒருவர். நற்கருணையைக் கையில் வாங்கி வாயில் இட்டபோது அது எப்போதும் போல் நாக்கில் கரையவில்லை. மணி மணியாக உதிர்ந்தது. கடினமாக. வேகாததாக. இருக்கைக்குத் திரும்பி மண்டியிட்டு, கண்களை மூடிக்கொண்டு, ஒரு கை முகத்தை நோக்கி வருவதை உணர்ந்தாள். பின்னால் இன்னொரு கை. அதற்குப் பின்னால் இன்னொன்று. உதட்டில் எதுவோ பட்டுப் பட்டுக் கழுத்தில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தாள். மடியில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து அளந்தாள். இருபது.

இதோடு நிற்கும் என்று நினைத்தாள். எழுதிய எண் வந்துவிட்டது. இனி ஏன் குறைய வேண்டும்?

திங்கட்கிழமை பதினாறு.

“ஆ காட்டு,” என்றார் டாக்டர் வில்லியம். பிறகு, “இதுதான் ஆ-வா?”

“இதுக்கு மேல வரல, டாக்டர்.”

கையுறை போட்ட சுண்டுவிரலை உள்ளே விட்டு, கன்னத்தை நீவி, காதோரம் தாடை மூட்டை அழுத்திப் பார்த்தார். “உள்ள குழந்த வாய் மாதிரி இருக்கு. ஜாயின்ட்டும் ஓகே. ஸ்ட்ரெஸ் லா இது. லீவு போட்டு லங்காவி போய்ட்டு வா.”

“அப்புறம் ஏன் டாக்டர் தொறக்க மாட்டேங்குது?”

“தினமும் அளக்கற ஆளு நீ. என்னையக் கேக்கறே?” சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் விரிந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த எண்ணை அழித்தாள். ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு, டாக்டர் வில்லியம் கத்தியதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அன்று மாலை பல் துலக்கும் பிரஷ் உள்ளே போகவில்லை. கட்டத்திலிருந்துதான் எண் போயிருந்தது. புதன்கிழமை ஏழு. பாலை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: லெட்சுமியைக் கண்டுபிடிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு, அவர் வாயை அளந்து, உண்மையான எண்ணை அதன் இடத்தில் எழுத வேண்டும். அவர் வாயை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் காலிப்பரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஃபெரி ஏறினாள். கடல் வெயிலில் தகரம்போல் கிடந்தது. பாதிக் கடலில் பல்லும் பல்லும் ஒன்றையொன்று தொட்டன. மெதுவாக. பிறகு அழுத்தமாக. அளப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

பாகான் டாலாம் பிளாட்டின் மூன்றாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. சாம்பிராணி வாசம். சுவரோரம் ஒரு முக்காலியில் மாலை போட்ட படம். படத்தில் லெட்சுமி, வாயை மூடி. முன்னால் விளக்கும், மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டும், பக்கத்தில் ஒரு பழைய கைபேசியும்.

“கிளினிக் அக்காதானே?” என்றாள் ஜெகதீஸ்வரி. இளைத்திருந்தாள். “உள்ள வாங்கக்கா. ஃபோன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. அம்மா கெடந்த கெடப்புல எடுத்து என்னா சொல்றதுன்னு தெரியாம அப்படியே விட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

“எப்ப?” பல்லுக்கு நடுவே காற்றாகத்தான் வந்தது.

“போன புதன்கிழமை ராத்திரி. கடைசி மாசம் பூரா ஸ்ட்ராவுல கஞ்சித்தண்ணிதான். வியாழக்கிழமை எடுத்தோம்.”

“எத்தன மணிக்கு?”

“மூணு.”

மின்விசிறி சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது.

“ஒண்ணு மட்டும் மனச அறுக்குதுக்கா,” என்றாள் ஜெகதீஸ்வரி, படத்தைப் பார்த்தபடி. “எல்லாரும் வரிசையா நின்னு வாய்க்கரிசி போட்டாங்க. ஒரு மணி கூட உள்ள போகல. பல்லு கிட்டிப் போச்சு. அண்ணன் வெரல விட்டு நெம்பிப் பாத்திச்சு. முடியல. போட்டதெல்லாம் உதட்டுல பட்டுக் கழுத்துல கொட்டுச்சு. வெறும் வாயோட அனுப்பிட்டோம். தெனமும் கனவுல வந்து நிக்கிறாங்க. பசிக்குதுன்னு கூடச் சொல்ல முடியாம, பல்லக் கடிச்சிக்கிட்டு.”

நவோமியின் உதட்டில் எதுவோ பட்டு உதிர்ந்தது. துடைக்கவில்லை. சொல்லிவிட வேண்டும். சொன்னால் விட்டுவிடும். சொல்லிவிட வேண்டும்.

“உங்கம்மா பேருல,” என்றாள். எச்சில் பல்லிடுக்கில் நுரைத்தது. “என் வாய அளந்து எழுதிட்டேன். போன வியாழக்கிழமை. மூணு மணிக்கு. மன்னிச்சிடு.”

ஜெகதீஸ்வரி திரும்பினாள். கோபப்படுவாள் என்று நவோமி எதிர்பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வாரமாக அழுது வீங்கிய கண்களில் ஏதோ மெல்ல எரியத் தொடங்கியது.

“அப்ப தொறந்துதா?”

“என்னது?”

“அம்மா வாய். மூணு மணிக்கு. எவ்ளோ தொறந்துச்சு?”

“இருபது.”

ஜெகதீஸ்வரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அருகருகே கொண்டுவந்தாள். இன்னும் கொஞ்சம். அந்த இடைவெளி வழியாக நவோமியின் முகத்தைப் பார்த்தாள்.

“போதும்க்கா,” என்றாள். “அரிசி போக அது போதும்.”

எழுந்து சமையலறைக்குப் போனாள். டின் மூடி திறக்கும் ஓசை. அரிசியை அள்ளும் ஓசை. பிறகு உள்ளறைப் பக்கம் அவள் குரல், பண்டிகை நாள் குரல்போல: “கார்த்திண்ணே, எந்திரி. அம்மாவுக்கு வாய் தொறக்குதாம். மேல் வீட்டு அத்த, மாமா எல்லாரையும் கூப்புடு. குளிச்சிட்டு வரச் சொல்லு.”

நவோமி எழப் பார்த்தாள். கால்கள் எழவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. பத்தடி. அதற்கு அப்பால் வெயில். யாரோ மோட்டாரை உதைத்துக் கிளப்பும் சத்தம்.

காதோரம் ஏதோ நகர்ந்தது.

அவள் நகர்த்தவில்லை.

பற்கள் பிரிந்தன. தாடை இறங்கியது. காற்று நாக்கில் சில்லென்று பட்டது. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து மேலே தள்ளினாள். ஒரு வாரமாகத் திறக்காத வாய், இப்போது மூடவில்லை. அளந்த இடத்தில் நின்றது. கூடவுமில்லை. குறையவுமில்லை.

கத்தினாள். தொண்டையில் வெறும் காற்று.

படிக்கட்டில் காலடிகள். வாசலில் ஒவ்வொன்றாகச் செருப்புகள் கழலும் ஓசை. ஈரத் தலையோடு, ஈரத் துணியோடு ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் அவள் கண்களைப் பார்க்கவில்லை. அண்ணன் கார்த்திகேசு, பின்னாலிருந்து, மிகவும் மரியாதையாக, அவள் கைகளைத் தாடையிலிருந்து விலக்கி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். ஜெகதீஸ்வரி எதிரே மண்டியிட்டாள். அவள் விரல்களில் மஞ்சள்.

“சாப்பிடும்மா,” என்றாள்.

முதல் பிடி உள்ளே விழுந்தது. ஒரு மணிகூட வெளியே சிந்தவில்லை.

ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள். அடுத்தவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, படிக்கட்டு வளைந்து இறங்கும் இடம்வரை நின்றது. எல்லோருடைய கைகளும் மூடியிருந்தன.