பன்னிரண்டாம் நாளில் கூறை

தட்டைத் தொட்டு ஆசீர்வதித்தவர்கள் எல்லோரும் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார்கள். பிளாக்டவுன் மண்டபத்தை வரிசை வரிசையாகச் சுற்றிவந்த கூறைச்சேலைத் தட்டை மணவறையில் வைத்துவிட்டு மாப்பிள்ளைத் தோழன் பிரசன்னாவும் துடைத்தான்.

"மச்சான், கூறை ஏன் நனைஞ்சிருக்கு?"

"பன்னீர் பட்டிருக்கும்," என்றான் மாப்பிள்ளை லதீஸ்.

மணப்பெண் சஜிதா கூறையை வாங்கிக்கொண்டு மாற்றப் போனாள். லதீஸ் தனியே இருந்தான். ஓமப்புகை, மல்லிகை, பின்புறம் பொரிந்துகொண்டிருந்த வடை, எல்லாவற்றையும் மீறிக் காயாத மீன்வலையின் உப்பு மணம் மெல்ல மெல்ல மணவறைக்குள் ஏறிவந்து அவன் தொண்டையில் தங்கியது.

ஊரில் அவனுக்குச் சிவாஜினி என்றொரு மனைவி இருந்தது இங்கே ஒருவருக்கும் தெரியாது. இங்கே வரும் படகில் தன் அண்ணனுக்கு வைத்திருந்த இடத்தை இவனுக்குக் கொடுத்தவள். அண்ணனை அடுத்த வாரமே இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவேயில்லை. இவனோ இங்கே காலூன்றியதும், "டிவோர்ஸ் பேப்பரில மட்டும்தான், விசா கிடைச்சதும் உம்மைக் கூப்பிடுறன்" என்று போனில் சொன்னான். பாவம், நம்பிக் கையெழுத்துப் போட்டாள். இந்தக் கலியாணச் செய்தி எட்டிய அன்று கடலில் இறங்கினாள்.

அவள் செத்து இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். மனைவி செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. தாலி கட்டுவது இருக்கட்டும், கோயில் படியே மிதிக்கக் கூடாது. வாயைத் திறந்தால் சஜிதா கைவிட்டுப் போய்விடுவாள். பேப்பரில் சிவாஜினி மனைவி இல்லையே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு பட்டுவேட்டி கட்டினான். என்ன நெஞ்சழுத்தம்!

நாதஸ்வரம் எழுந்தது. சிவப்புக் கூறையில், தலை குனிந்து, அவள் வந்தாள். எல்லோரும் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். அவன் பக்கத்தில் வந்து இருந்தாள். கூந்தலிலிருந்து நீர் சொட்டியது.

"கட்டுங்கோ தம்பி," என்றார் ஐயர்.

கெட்டிமேளம். முதல் முடிச்சு. கழுத்து குளிர்ந்தது. இரண்டாவது. விரலில் மணல். நிறுத்தப் பார்த்தான். விரல்கள் கேட்கவில்லை.

எதிரே உடைமாற்றும் அறைக் கதவு திறந்தது. வந்த சேலையிலேயே சஜிதா நின்றாள்.

"அப்பா, என்ர கூறையை ஆர் எடுத்தது?"

மேளத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. மூன்றாவது முடிச்சு விழுந்தது. அட்சதையாய் அறுகரிசி பொழிந்தது.

ஈரக் கை அவன் கையைப் பிடித்தது. அக்கினியைச் சுற்ற அவள்தான் முன்னே நடந்தாள்.