நனையாத களிமண்

1983, நவம்பர். காலை 6.10. சுண்ணாம்புக்குளம் அருகே எண்ணெய் தேடித் தோண்டிய கிணற்றில் துளைக்குழாய் சிக்கிக்கொண்டது. துளைக்கும்போது கிணற்றில் ஊற்றும் டீசல் குழம்பு தாங்கிப் பிடிக்க வேண்டிய கனத்த தூள் அத்தனையும் அடியில் படிந்து குழாயை இறுக்கிவிட்டது.

7.00. கிடங்கு மேலாளர் திருவேங்கடம் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். பெயர்ப்பலகையில் மூன்று வரிப் பட்டம் வைத்திருப்பவர் தாமதிக்க முடியுமா? குழம்பைக் கெட்டியாக்கும் சீமைக் களிமண்ணைத் திருடிவிட்டு, காவல்காரர் கலந்தர் சாக்குகளில் மட்டமான மண்ணை நிரப்பிவிட்டாராம். அத்தாட்சி, கலந்தர் குடிசைக் கூரையில் மூன்று வெறும் சாக்குகள். பத்து மணிக்குப் பொன்னேரி கோர்ட்டுக்கு ஜீப்.

8.20. சப்-இன்ஸ்பெக்டர் செங்கல்வராயன் வந்தார். மேலாளரின் மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர், மேலே தூசி. பெயர்ப்பலகையைத் துடைத்த பியூன் தம்ளரை மறந்திருந்தார்.

"சாக்கைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"தொட்டதே இல்லை. கையெழுத்து போட்டு வாங்குறதோட என் வேலை முடிஞ்சுது."

கலந்தர் கைவிலங்கைப் பார்த்தபடியே சொன்னார். வெறும் சாக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னது மேலாளர் ஐயாதான். மனைவி ரோஷன் பீவி அழவில்லை.

"மண்ணை வித்து இன்னா சார், மாடியா கட்னாரு? ஒழுவுற கூரைக்கு மூணு சாக்கு. இவரு உள்ள போனா புள்ளைங்க பட்டினி."

9.10. கிடங்கில் பிரிக்காமல் கிடந்த சரக்குக் கையேட்டைப் படித்துவிட்டு, செங்கல்வராயன் டீசலும் சமையல்காரரின் மத்தும் கேட்டார். கிடங்குச் சாக்கிலிருந்த மண் டீசலில் மணலாய் மூழ்கியது. தண்ணீரில் கூழாய் ஊறியது.

பிறகு மேசைத் தம்ளரின் 'தூசி'யை வழித்தார். விரல் நனையவில்லை. அதை டீசலில் போட்டு, ஒரு சொட்டு தண்ணீர் விட்டுக் கடைந்தார். கெட்டியானது. மேலே தூவிய கனத்த தூள் அந்தரத்தில் நின்றது.

"சீமை மண்ணுக்கு எண்ணெய் ஒட்டுற மருந்து பூசியிருக்கு. தண்ணியில ஊறாது. டீசல்ல தகடு தகடா பிரிஞ்சு வலையா கோத்துக்கும். துளி தண்ணி பட்டா வலை இறுகும். கனத்த தூளைத் தாங்குறது அந்த வலைதான்."

செங்கல்வராயன் திருவேங்கடத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க தண்ணியில போட்டுப் பரீட்சை வச்சீங்க. ஊறல. போலி மண்ணை வாங்கிட்டோம்னு பயந்து, நல்லதைக் குழியில கொட்டிட்டு, தண்ணிக் குழம்புக்கு வச்சிருந்த மண்ணை ரொப்பினீங்க. தொடாத சாக்கோட தூள் உங்க தம்ளருக்கு எப்படி சார் வந்துது?"

10.00. ஜீப்பில் மேலாளர் ஏறினார். கலந்தரின் விலங்கு கழன்றது. குழாய் மட்டும் கழலவில்லை. கிணற்றை மூடச் சொல்லி உத்தரவு. காவலுக்கு இனி ஒன்றுமில்லை.

கூரையிலிருந்த மூன்று சாக்குகளும் சாட்சிப் பொருளாக ஜீப்பில் போயின. பதினொன்றுக்கு மழை பிடித்தது.