திட்டம் ‘ங’ போட்டது யார்?

“வீல்...”

அந்த அலறலில் நான்கு மாடிக் கட்டடமும் ஒரு கணம் உறைந்தது.

அலறியவள் வரவேற்பறைப் பெண். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில்...

டைரக்டர்!

முகம் தரையைப் பார்த்திருந்தது. மூக்குக் கண்ணாடி தள்ளிப்போய் விழுந்திருந்தது. தலைக்குக் கீழே ரத்தம் மெல்ல வழியைத் தேடிக்கொண்டிருந்தது.

மாநில அரசு எதைச் செய்வதென்று தெரியாமல் விழிக்கும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆராய்ச்சி மையத்தைத்தான் கேட்கும். பள்ளிகள் ஏன் காலியாகின்றன? பேருந்துகள் ஏன் நஷ்டத்தில் ஓடுகின்றன? எல்லாவற்றுக்கும் தடித்தடியாக அறிக்கை தந்த மனிதர் இப்போது எதற்கும் பதில் சொல்ல முடியாத நிலையில் கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தார். இறங்கி வந்தார்.

“சுவர் நெஞ்சு உயரம் இருக்கு, ஏட்டு. தவறி விழ முடியாது.”

“அப்ப ஏறிக் குதிச்சிருக்காரு சார்.”

செல்போன் அடித்தது. மேலதிகாரி.

“என்னய்யா அங்க?”

“இப்பத்தான் சார் வந்தேன்...”

“தற்கொலைதானே? சாயங்காலத்துக்குள்ள முடி. நாளைக்கு அந்த மையத்தோட வெள்ள அறிக்கை கோட்டைக்குப் போகுது. இந்த நேரத்துல கொலை கிலைன்னு பேப்பர்ல வந்தா என் தலைதான் உருளும்.”

“விசாரிச்சிட்டு...”

லைன் துண்டிக்கப்பட்டது.

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக் கருத்தரங்க அறைக்குள் நுழைந்தார். நீள மேஜை. ஆறிப்போன டீ. திரையில் பாதியில் நின்றுபோன வரைபடம். மதியம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் அங்கேதான் மறுநாள் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்து உட்கார்ந்தவள் புள்ளிவிவர நிபுணர். புள்ளி வைக்காமல் ஓர் எண்ணும் சொல்லமாட்டாள் என்பதால் ஆபீசே அவளைத் தசமம் என்றுதான் கூப்பிடும்.

“டைரக்டர் மனசு உடைஞ்சு போயிருந்தாராம்மா?”

“அப்படிச் சொல்றதுக்கான வாய்ப்பை முழுசா மறுக்க முடியாது சார்.”

“உடைஞ்சிருந்தாரா, இல்லையா?”

“ஒரே ஒரு நாளை வெச்சு முடிவுக்கு வர்றது சரியா இருக்காது.”

“அலறல் கேட்டுதா?”

“ஒரு சத்தம் கேட்டது. அது அலறல்தானான்னு...”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

“ஏட்டு, எனக்கு ஒரு மாத்திரை வாங்கிட்டு வாய்யா.”

“தலைவலியா சார்?”

“அதுக்கான வாய்ப்பை முழுசா மறுக்க முடியாது.”

கதவு திறந்தது.

ஆறடி உயரம். எழுபதைத் தாண்டியும் வளையாத முதுகு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அரசாங்கத்தில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்துபோனவரின் உடன்பிறந்த அண்ணன். செய்தி சொல்லி மையத்திலிருந்து போன் போயிருந்தது.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

“தம்பியைப் பார்த்துட்டேன். என்ன எழுதப் போறீங்க?”

“ஐயா... இப்போதைக்குத் தற்கொலைன்னுதான் தெரியுது.”

“கிடையாது.”

“சுவர் உயரத்தைப் பார்த்தா...”

“ஏறிக் குதிக்கலாம். இல்லன்னா, யாராவது தூக்கிப் போடலாம். ரெண்டாவதை ஏன் எழுத மாட்டேங்கறீங்க?”

“ஐயா, மேல ரொம்ப நெருக்கறாங்க. அறிக்கை விஷயத்துல பயந்து போய்...”

“பயமா?” பெரியவரின் குரல் உயரவில்லை. கனத்தது. “எங்க வம்சத்துல பயந்து செத்தவன்னு ஒருத்தன் கிடையாது. எங்கப்பா வெள்ளைச் சட்டையோட வாழ்ந்து வெள்ளைச் சட்டையோட போனவர். அவர் பிள்ளை பேர்ல கோழைன்னு எழுதினீங்கன்னா, நான் நீதிமன்றத்துக்குப் போவேன். கொலைன்னு எழுதுங்க. விசாரிங்க.”

இப்படியும் ஒரு தொல்லை!

ஒரு பக்கம், எதையுமே உறுதியாகச் சொல்லாத ஆராய்ச்சிக் கூட்டம். மறுபக்கம், எல்லாவற்றையும் உறுதியாகவே சொல்லும் அண்ணன். நடுவில், சாயங்காலம் வந்துகொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் தசமத்தின் பக்கம் திரும்பினார்.

“அந்த அறிக்கையில அப்படி என்னதாம்மா இருக்கு?”

“வருஷா வருஷம் மழைக்கு நகரம் மூழ்குது இல்லையா... வெள்ளத்தைத் தடுக்கன்னு அரசாங்கம் போட்ட பழைய திட்டங்கள் உதவுதா, கெடுக்குதான்னு பார்க்கச் சொன்னாங்க. அஞ்சு திட்டம்.”

“யாரு போட்ட திட்டங்க?”

“அது எங்களுக்குத் தெரியாது.”

“என்னது?”

“இங்க வழக்கமே அப்படித்தான் சார். எந்த ஊரு, எந்தத் திட்டம், எந்த அதிகாரின்னு எங்களுக்குச் சொல்ல மாட்டார் டைரக்டர். பேரை எல்லாம் அழிச்சிட்டு க, ங, ச, ஞ, ட-ன்னு எழுத்து வெச்சுத் தருவார். ஆள் யாருன்னு தெரிஞ்சா கணக்குப் போடற கை நடுங்கும்பார். எது யாருதுன்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

“சரி, அதுல எது மோசம்?”

“ஒப்பீட்டளவில் பார்த்தா, சில வரம்புகளுக்கு உட்பட்டு...”

“அம்மா தாயே!” இன்ஸ்பெக்டர் கைகளைக் கூப்பினார். “உனக்குப் புண்ணியமாப் போகும். வந்ததுலேருந்து இந்தக் கட்டடத்துல ஒருத்தர் வாயிலேருந்தும் முழுசா ஒரு பதில் வரல. வரம்பு, வாய்ப்பு எதுவும் இல்லாம ஒரே ஒரு வாக்கியம் சொல்லு.”

தசமம் கண்களை மூடிக்கொண்டாள்.

“திட்டம் ‘ங’ மொத்தமும் தப்பு. அதை இடிச்சாத்தான் ஊர் பிழைக்கும். அதைப் போட்ட ஆளுக்குத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னே தெரியல.”

“தெரியாம இல்லம்மா.”

எல்லோரும் திரும்பினார்கள்.

பெரியவரின் தாடை இறுகியிருந்தது. “கால்வாயோட வாயை நான் அகலமாத்தான் வரைஞ்சேன். பாதியாக் குறைச்சது நிதித்துறை. கரையை உயர்த்தச் சொல்லி எத்தனை தடவை எழுதினேன்! படிச்சிட்டா மட்டும் போதாது. வரைஞ்சவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”



தசமத்தின் முகம் வெளுத்தது.

“ஐயா... ‘ங’ நீங்களா?”

 முதல் முறையாக, பெரியவரின் கை நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தது.

“ஏம்மா, இதுல என்ன?” இன்ஸ்பெக்டர் அவசரப்பட்டார். “அண்ணன்கிட்ட வீட்ல சொல்லியிருப்பார்.”

“சொல்ல மாட்டார் சார். அறிக்கை போறதுக்கு முந்தின நாள், யாரோட திட்டம் தப்போ அவங்களை மொட்டை மாடிக்குத் தனியாக் கூப்பிட்டு, அவரே நேர்ல சொல்வார். அடுத்தவங்க வாயால தெரிஞ்சா அவமானம்னு. அது வரைக்கும் எழுத்தைக்கூட மூச்சு விடமாட்டார். இன்னிக்கு மத்தியானம் ‘ங’வை வரச் சொல்லியிருக்கேன், பின்படியில வருவார், நீங்க ஒத்திகையைப் பாருங்கன்னு சொல்லிட்டுத்தான் மேல போனார்.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“யாரைப் பார்த்தேன்னு கேட்டிருந்தாலும் நான் பார்க்கல சார். நீங்க அதைக்கூடக் கேக்கல. சத்தம் கேட்டுதான்னுதான் கேட்டீங்க.”

இன்ஸ்பெக்டர் மேஜையில் முட்டிக்கொள்ளாத குறை. மெல்லத் திரும்பினார்.

“ஐயா. மத்தியானம் மாடிக்கு வந்தீங்களா?”

“வந்தேன்.”

“இதை...”

“பொய் சொல்ற வழக்கம் எங்க வீட்ல இல்ல. கேட்டீங்க. சொல்லிட்டேன்.”

பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். ஒரு வாக்குமூலம் போல அல்ல. ஒரு கட்டட விவரம் சொல்வதுபோல.

“அந்தக் கால்வாய்க்கு எங்கப்பா பேர் வெச்சிருக்கு. கல்வெட்டு இருக்கு. அதை இடிக்கணும்னு எழுதியிருக்கான், பெத்த பிள்ளை. ஒரு வரியை மாத்துடான்னேன். மழைக்கு ஜனங்க சாகறாங்கண்ணா, மாத்த மாட்டேன்னான். அப்பா பேர்டான்னேன். அப்பா இருந்தா அவரே கடப்பாரையைத் தூக்கியிருப்பார்னான்.”

“அப்புறம்?”

“அவன் சின்ன வயசுலேருந்தே பூஞ்சை உடம்பு. தூக்கினது தெரிஞ்சுது. விட்டது தெரியல.”

ஏட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டருக்குத்தான் தாங்கவில்லை. “ஐயா, நான் பேனாவை எடுத்துட்டேன். தற்கொலைன்னு எழுதியிருந்தா உங்களை யாரும் சீண்டியிருக்க மாட்டாங்க. நீங்களே வந்து, கொலைன்னு எழுது எழுதுன்னு...”

“என் முகத்துக்கு நேரா நின்னு மாட்டேன்னு சொன்னவன் அவன்.” பெரியவரின் கண்கள் முதல் முறையாகக் கலங்கின. “எங்க குடும்பத்துலேயே அவ்வளவு தைரியம் யாருக்கும் வந்ததில்ல. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். பயந்து குதிச்சான்னு அவன் பேர்ல எழுத விட்டுட்டு, நான் வீட்ல போய்ச் சாப்பிடவா?”



அவர் தசமத்தைப் பார்த்தார். “ஏம்மா. நாளைக்கு அறிக்கை போகுமா?”

“போகும் ஐயா.”

வாய்ப்பும் இல்லை, வரம்பும் இல்லை. ஒரே சொல்.

“ஒரு வரியும் மாத்தாதே. அவன் எழுதினது அப்படியே போகட்டும்.”

கீழே ஜீப் காத்திருந்தது. பெரியவர் நடந்து வந்த தோரணையில், அவரை யார் கைது செய்திருக்கிறார்கள் என்றே வெளியில் நின்ற கூட்டத்துக்குப் புரியவில்லை.

“ஐயா, தலையைக் கொஞ்சம் குனிஞ்சு ஏறுங்க,” என்றார் ஏட்டு.

“குனிஞ்சு பழக்கமில்ல.”

‘ணங்’ என்று ஒரு சத்தம்.

பெரியவர் நெற்றியைத் தடவவும் இல்லை. நிமிர்ந்தபடியே மறுபடியும் நின்றார்.

ஏட்டு பெருமூச்சு விட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

“ஜீப்போட கூரையைத்தான் சார் உயர்த்தணும். முதல்ல ஒரு கமிட்டி போடச் சொல்லுங்க!”