பசை காயாத பட்டை

புருல் இன்னும் கைவைக்காத சமையலறை ஜன்னலில் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. காலையிலிருந்து பழைய நாளிதழை நீளநீளமாகக் கிழித்து, மாவுப் பசை காய்ச்சி, இரட்டைச் சட்டத்துக்கு நடுவே பஞ்சு அடைத்து, கூடத்து ஜன்னல்களை மட்டும்தான் அவள் ஒட்டி முடித்திருந்தாள். நாரின் மலையூர்க் குளிர் என்றால் சும்மாவா? நாலு வயது மகள் பெகாயிமுக்கு நெஞ்சுச் சளி. ஊசிமுனை இடுக்கு கிடைத்தாலும் காற்று குழந்தையைத் தேடி வந்துவிடும். புருஷன் குதிரைகளை மலையிலிருந்து இறக்கப் போயிருந்தான். பக்கத்து வீட்டு குல்பார் அக்காவின் வேலையாக இருக்கும் என்று வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"அக்கா, நீங்களா வந்து ஒட்டினீங்க?"

"நல்லா இருக்கே! என் வீட்டு ஜன்னலையே ஒட்ட ஆளில்லாம முதுகு ஒடிஞ்சு கிடக்கேன், உன் வீட்டுக்கு வருவேனாடி?" வேலிக்கு அப்பாலிருந்து குல்பார் சிரித்தாள். "மேல இருக்கிற குட்டி ஜன்னலை மட்டும் ஒட்டாம விடு. நிலக்கரி அடுப்பு. புகை ஆளையே கொண்டுபோயிடும்."

"தெரியாதா? நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

உள்ளே வந்தாள். குட்டி ஜன்னலும் ஒட்டியிருந்தது.

ஒரு சுருக்கம் இல்லை. தொட்டுப் பார்த்தால் ஈரம். அவள் காய்ச்சிய மாவின் வாசனை அதில் இல்லை. நாள்பட்ட ஈரத்துணியின் வீச்சம் அடித்தது. பட்டையைக் கிழித்தெறிந்து குட்டி ஜன்னலைத் திறந்தாள். பனிக்காற்று முகத்தில் அறைந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குளிர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்போது கூடத்தில் பிரஷ் இழுபடும் சத்தம் கேட்டது. ஈரமாக, நீளமாக. அவசரமே இல்லாமல், வேலையை ரசித்துச் செய்பவரின் இழுப்பு.

ஓடினாள். கூடத்தில் யாரும் இல்லை. வாசற்கதவைச் சுற்றிலும் பட்டை. சாவித்துவாரத்தின் மேல் ஒரு துண்டு. காகிதம்தானே என்று கதவை இழுத்தாள். அசையவில்லை. பிராண்டினாள். நகம் பெயர்ந்தது.

"குல்பார் அக்கா!"

குரல் சுவரைத் தாண்டவில்லை.

சமையலறைக்குத் திரும்பினாள். குட்டி ஜன்னல் மறுபடி அடைபட்டிருந்தது. அடுப்பு புகைந்தது. தலை கனத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை உடைத்தாவது வெளியே போய்விட வேண்டும்.

பிள்ளை இருமவில்லை.

எவ்வளவு நேரமாக இருமவில்லை?

"பெகாயிம்! கண்ணு!"

படுக்கையில் குழந்தை மல்லாந்து கிடந்தாள். போர்வை கழுத்துவரை இழுத்து விடப்பட்டிருந்தது. வாயில் ஒரு பட்டை. மூக்கின் மேல் ஒரு பட்டை. கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. உயிரோடு. அவை அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

புருல் கை நீட்டினாள்.

அவள் உதட்டின்மேல் குளிர்ந்து ஏதோ படிந்தது. ஒரு விரல் அதை நிதானமாக நீவிவிட்டது.