முதல் கூப்பாட்டுக்கே

“ரூம் இருக்குதுங்களா?” என்று வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது. அடுப்படியிலிருந்த ஜோஹரா, “இருக்குது, உள்ள வாங்க” என்று உடனே பதில் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் யாரும் இல்லை. மலையை மூடியிருந்த பனிமூட்டம்தான் படி வரைக்கும் வந்திருந்தது.

சமையலுக்கு வரும் ரத்தினம்மாள் மலைக்காரி. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

“எத்தினி தரம் கூப்டாங்கம்மா?”

“ஒரு தரம்தான். இன்னா இப்போ?”

“காத்து கருப்பு மூணு தரம் கூப்டாது. மூணாந்தரம் கூப்ட்டாத்தான் நாங்க ஏன்னே கேப்போம். நீங்க உள்ள வான்னு வேற சொல்ட்டீங்களே!”

அப்போதே புறப்பட்டுப் போய்விட்டாள்.

ஜோஹராவுக்கு எரிச்சல். மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்தால் வந்த ஆள் அடுத்த பஸ்ஸில் ஒடுகத்தூருக்கே இறங்கிவிட மாட்டானா? போன வருஷம், எழுபத்தொன்பதில், கணவன் பாஷாவின் லாரி மலைப்பாதையில் உருண்டது. வாணியம்பாடி வீட்டை விற்று, புளி வியாபாரிகளை நம்பி இந்தச் சின்ன விடுதியை வாங்கினாள். இதுவும் ஏழு வயது சகிலாவும்தான் அவளுக்கு மிச்சம். சகிலாவுக்கு ஒன்று ஆனால் அப்புறம் அவள் இருந்தென்ன?

அந்த நினைப்பு வந்ததும் பயந்துவிட்டாள். முன்கதவு, பின்கதவு இரண்டையும் தாழ்ப்போட்டாள்.

சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. வியாபாரிகள் போட்டுவைத்திருந்த புளி மூட்டைகளின் வாடையும், ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தமும், அரிக்கேன் திரி கருகும் நெடியும் கூடத்தில் நிறைந்திருக்க, ஆளில்லாத கடைசி அறையில் கயிற்றுக்கட்டில், யாரோ புரண்டு படுத்ததுபோல, மெல்ல முனகியது.

ஜோஹரா மகள் தூங்கும் அறைக்கு ஓடினாள். கம்பளிக்குள்ளிருந்து குழந்தை எழுந்து, “அம்மீ” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டது. உயிர் வந்தது அவளுக்கு. குழந்தையின் உடம்பு மட்டும் ஜில்லென்றிருந்தது.

பின்கதவு தட்டப்பட்டது.

“அம்மீ! கோழிக்குஞ்சப் பாக்கப் போனேன். கதவ ஏன் சாத்துன?”

சகிலாவின் குரல். அழுகிற குரல்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டே கதவருகில் போனாள்.

“தொறக்காத அம்மீ,” என்றது தோளிலிருந்த குழந்தை. “அது நான் இல்ல.”

கதவின் அடியில், இடுக்கு வழியே, நாலு சின்ன விரல்கள் நுழைந்தன. நேற்று ஜோஹராவே அரைத்து இட்ட மருதாணி. நல்ல சிவப்பு.

மெல்லத் தலையைத் திருப்பினாள். தன் கழுத்தைச் சுற்றியிருந்த கைகளைப் பார்த்தாள்.

வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அவை இறுகின.