செம்போத்தின் கையெழுத்து

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் குதிரைமொழித் தேரி நிரம்பிவிடும். பேருந்துகள் வரிசையாக வந்து நிற்க, குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். கையில் ஜிபிஎஸ் இடங்காட்டி, தோளில் தண்ணீர்ப் பாட்டில், தூக்குவாளியில் புளிச்சோறு. செக்கச் செவேலென்ற மணல்மேடுகளில் கால் புதையப் புதைய ஏறி, உடைமரத்தடியிலும் பனைமட்டைகளுக்கு இடையிலும் கையை விட்டுத் துழாவுவார்கள். யாராவது ஒருவர் "கெடைச்சிட்டு!" என்று கத்தியதும் மற்றவர்கள் கைதட்டுவார்கள். பெட்டிக்குள் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருக்கும். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நிழல் பார்த்துச் சாப்பிட உட்காருவார்கள்.

பார்க்க உல்லாசப் பயணம் போலத்தான் இருக்கும். ஆனால் வருடத்துக்குப் பன்னிரண்டு பெட்டிகளில் கையெழுத்து இல்லாதவருக்குத் தென்கடல் குடியரசில் வாக்கும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. இரண்டு வருடம் தவறினால் வீட்டுக்கே ஆள் வந்துவிடும்.

செல்வகனி அந்தத் தேரியின் பெட்டிக்காவலாள். வயது நாற்பத்தொன்று. கழுத்தில் சாம்பல் நிற அட்டை தொங்கும். அதில் 'விருந்தாளி 4417' என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. நனைந்த நோட்டை மாற்றுவதும், உடைந்த மூடியைச் சரிசெய்வதும், பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவள் வேலை. நாட்டின் பெட்டிகளைக் காத்தவர்கள் அத்தனை பேரும் இப்படி வெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள்தாம். நோட்டை அவர்கள் தொடலாம். எழுதினால் ஆறு வருடம் சிறை.

பதினோரு வருடமாக அவள் அந்த வேலையில் இருந்தாள். கூலிக்காக வந்தவள் இல்லை. ஒரு பெட்டியைத் தேடி வந்தவள்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், ஒரே வாரத்தில் நாட்டின் எண்மப் பதிவேடுகள் எல்லாம் கலைந்துபோயின. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. பேரழிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அச்சடித்த சான்றிதழ்களையும் நம்ப முடியவில்லை. போலிகள் தெருத்தெருவாக விற்றன. அப்போதுதான் யாருக்கோ அந்த யோசனை வந்தது. பெட்டி ஒளித்துத் தேடி விளையாடும் பொழுதுபோக்குக்காரர்கள் காட்டிலும் கடற்கரையிலும் ஒளித்துவைத்த நோட்டுகள் அப்படியே கிடந்தன. மண்ணுக்குள் கிடந்ததை யாரும் திருத்தியிருக்க முடியாது. அந்த நோட்டுகளில் இருப்பவர் முதல்நிலைக் குடி என்று சட்டம் வந்தது. அவர் தனக்குத் தெரிந்தவர்களுக்கு 'இவர் நம்மவர்' என்று காப்புரை கொடுக்கலாம்; அவர்களும் குடிகள். காப்புரை கிடைக்காதவர்கள் தடமற்றோர். அவர்களைக் கப்பலில் ஏற்றி அறுபது மைல் தள்ளியிருந்த கழுகுத்திட்டு என்ற தீவில் இறக்கினார்கள். அங்கிருந்து கூலிக்குத் திரும்பி வருகிறவர்கள்தாம் சாம்பல் அட்டை விருந்தாளிகள்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பொழுதுபோக்குக்காரர்கள் யாரும் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கடல்குதிரை, ஒத்தப்பனை, செம்போத்து என்று ஆளுக்கொரு புனைபெயர்.

செம்போத்து என்பவர் செல்வகனியின் அப்பா ஞானதுரை. மின்கம்பம் ஏறுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் இடங்காட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் அவர் கையெழுத்து இருந்தது. ஆனால் எந்தப் புனைபெயர் யாருடையது என்ற விசாரணை நாளன்று, பெட்டி தேடுவோர் சங்கத்தின் செயலாளர் அருமைநாயகம் எழுந்து, செம்போத்துப் பறவை உருவம் செதுக்கிய ரப்பர் முத்திரையை மேசையில் வைத்து, "செம்போத்து நான்தான்" என்றார்.

"சார், அது என் முத்திரை. எல்லாரோடதும் அவருகிட்டதான் இருக்கும். கேட்டுப் பாருங்க" என்று அப்பா கத்தினார். சங்கத்தின் மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய புனைபெயர்கள் இருந்த நோட்டுகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அருமைநாயகத்தின் காப்புரையை நம்பித்தான் அவர்கள் இருந்தார்கள். அப்பாவின் விரல் பிடித்து நின்ற செல்வகனிக்கு அப்போது ஒன்பது வயது.

கழுகுத்திட்டில் நான்காவது வருடம் அப்பா செத்தார். ஈரல் வீங்கியிருந்தது, பார்க்க டாக்டர் இல்லை. சாவதற்கு முந்தின வாரம் அவர் சொன்னது ஒன்றுதான். "எல்லாப் பெட்டியையும் அவன் தேடித்தேடி எடுத்துருப்பான். குதிரைமொழித் தேரியில ஒண்ணு மட்டும் மணல் மூடிக் கெடக்கு. உன் கையில மை தேய்ச்சது ஞாபகம் இருக்காட்டி?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது.

தேரி மணல் ஒரே இடத்தில் நிற்காது. காற்றுக்கு ஏற்ப மேடு நகரும், பள்ளம் நிரம்பும். பதினோரு வருடமும் ஒவ்வொரு காற்றுக்காலம் முடிந்ததும் அவள் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தாள். கடைசியில் ஐப்பசியில் அடித்த ஒரு புயல், ஒரு மேட்டையே பெயர்த்து அந்தப்பக்கம் வைத்துவிட்டுப் போனது. பட்டுப்போன பனை ஒன்றின் வேரில், ஆரஞ்சு நிற டிபன் டப்பா பாதி தெரிந்தது.

அவள் நோட்டைத் திறந்து அப்பாவின் எழுத்தைப் பார்த்தாள். அதன் கீழே நீல மையில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கைநாட்டு. தன் பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அழுகை வரவில்லை.

அலுவலகத்தில் ஒப்படைத்தால் அது அருமைநாயகத்தின் மேசைக்குத்தான் போகும். அவர் இப்போது தடச்சான்று வாரியத்தின் தலைவர். அதனால் அவள் டப்பாவை மூடி, விளிம்பில் மெழுகு தடவி, இருந்த இடத்திலேயே வைத்து, படிவத்தில் 'பழம்பெட்டி, திறக்கப்படாதது' என்று குறித்து அனுப்பினாள். திறக்கப்படாத பழம்பெட்டி கிடைத்தால் அதை நாட்டுத்தேடல் நாளில், மக்கள் முன்னால், வாரியத் தலைவரே திறக்க வேண்டும். அது அருமைநாயகம் தன் கைப்படக் கொண்டுவந்த வழக்கம்.

நாட்டுத்தேடல் நாளன்று தேரியில் பத்தாயிரம் பேராவது இருந்திருப்பார்கள். அருமைநாயகத்துக்கு எழுபத்தொரு வயது. ஆனாலும் மணல்மேட்டில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். "செம்போத்து ஐயா! செம்போத்து ஐயா!" என்று கூட்டம் கூவியது. மேடையில் தடப்படிப்பி என்ற கருவி நின்றது. பக்கத்தை அதன் கண்ணாடியின் கீழ் வைத்தால் பெரிய திரையில் காட்டும்; அதில் கைநாட்டு இருந்தால் உயிரோடிருக்கும் எல்லோருடைய ரேகையோடும் ஒப்பிட்டு, முடிவை நேராகப் பதிவேட்டில் ஏற்றிவிடும். இடையில் மனிதக் கை படக்கூடாது என்று சட்டம் எழுதியவரும் அவரே.

பெட்டியை அவர் கையில் கொடுத்தவள் செல்வகனி. அவர் அவளைப் பார்க்கவில்லை. சாம்பல் அட்டைக்காரர்களை யாரும் பார்ப்பதில்லை.

பக்கத்தைக் கண்ணாடியின் கீழ் வைத்த கையோடு அவர் முதல் வரியைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. மைக்கில், "அடடே, என் பெட்டி ஒண்ணு!" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் உரக்க வாசித்தார்.

"முதல் கண்டுபிடிப்பு! செம்போத்து. கூட வந்தது என் மகள் செல்வகனி, வயது ஆறு..."

குரல் நின்றது. அவருடைய ஒரே மகள் ஷீபா முன்வரிசையில் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். சிலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தினாலும் திரையில் எழுத்து நின்றது. எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "இது அவளுடைய முதல் பெட்டி. எழுதச் சோம்பல்படுகிறாள், அதனால் கைநாட்டு."

தடப்படிப்பி மெல்லிய குரலில் அறிவித்தது. "கைநாட்டு பொருந்துகிறது. விருந்தாளி 4417. தற்போது இருக்கும் இடம்: இந்த மேடை."

அருமைநாயகம் திரும்பினார். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ... ஞானதுரை மகளா?"

"ஆமா மாமா. சின்னப்பிள்ளைல அப்படித்தானே உங்களக் கூப்பிடுவேன்."

அவர் மைக்கைக் கையால் பொத்தினார். "கனி, நான் சொல்லுதத கேளு. அன்னைக்கு எனக்கு வேற வழி இல்ல. நான் வெளியூர்க்காரன். எனக்காகச் சொல்ல ஒரு ஆள் கெடையாது. உனக்கு என்ன வேணும்னு சொல்லு, இப்பவே செய்யுதேன்."

"இன்னும் ஒரு வரி இருக்கு மாமா. வாசிங்க."

"வேண்டாம்மா."

"நீங்க வாசிக்கணும். அதுக்குத்தான் பதினோரு வருசம் மண்ணத் தோண்டுனேன்."

அவள் அவர் கையை மைக்கிலிருந்து விலக்கினாள். வயதான கை, வலுவில்லாமல் விலகியது. பத்தாயிரம் பேர் மூச்சுவிடாமல் நிற்க, அவர் வாசித்தார். குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

"அடுத்த வாரம் அருமைநாயகம் அண்ணாச்சியையும் கூட்டிவர வேண்டும். மனிதர் ஊருக்குப் புதுசு. பழக ஆள் இல்லாமல் தவிக்கிறார்."

அதற்குப் பிறகு எல்லாம் சட்டப்படி தானாகவே நடந்தது. புனைபெயரைத் திருடியவர் தடமற்றவர். அவர் வழியாகக் காப்புரை பெற்ற எல்லோரும் தடமற்றோர். அவர் குடும்பம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஏழு பேரின் குடும்பங்கள், எல்லாமாக நூற்றுப் பன்னிரண்டு பேர். செல்வகனி ஒரே நாளில் முதல்நிலைக் குடியானாள். அவளுடைய சாம்பல் அட்டையை வாங்கி, கண்ணெதிரிலேயே கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டு, கைகுலுக்கினார்கள்.

கப்பல் புறப்படும் நாளில் அவளைத் துறைமுகத்துக்கு அழைத்திருந்தார்கள். செம்போத்தின் வாரிசு என்ற முறையில், கப்பல் ஏறுகிறவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் அவள் காப்புரை கொடுக்கலாம். ஒரு கையெழுத்துப் போதும். அதிகாரி படிவக்கட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அருமைநாயகம் அவள் பக்கம் திரும்பாமல் போய்விட்டார். ஷீபாதான் வரிசையை விட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, எங்கப்பா செஞ்சது எனக்கு இப்பத்தான் தெரியும். அவரு போகட்டும், வேண்டாம்னு சொல்லல. நான் என்ன செஞ்சேன்? எம்பிள்ளைய ரெண்டும் என்ன செஞ்சிச்சு?"

"நானும் இதே கேள்வியத்தான் கேட்டேன் ஷீபா. அப்ப பதில் சொல்லக்கூட ஒரு ஆள் நிக்கல. உனக்கு நான் நிக்கேன்லா?"

"அப்ப பதில் சொல்லுங்கக்கா."

செல்வகனி அதிகாரியிடமிருந்து பேனாவை வாங்கினாள். அதிகாரி தொண்டையைச் செருமி, "அம்மா, இன்னும் பத்து நிமிசம் இருக்கு" என்றார். அந்தப் பத்து நிமிடமும் அவள் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஷீபா முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலின் பலகையில் ஏறினாள். நங்கூரம் எடுத்ததும் செல்வகனி பேனாவின் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மதியம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். சாளை மீன் குழம்பு. இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை தூங்கினாள். பொய்யில்லை, மனம் நிறைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் அம்மாவின் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. கழுகுத்திட்டுக்கு ஞாயிறு காலையில், ஆளுக்குப் பத்து நிமிடம். அம்மா ஜெயராணி இன்னமும் அங்கே பொதுக்கஞ்சிக் கொட்டகையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கப்பல் வந்துச்சாம்மா? அந்த ஆளப் பாத்தியா?"

"பாத்தேன். தட்ட ஏந்திக்கிட்டு வரிசைல நின்னாரு."

"நின்னாரா!" செல்வகனிக்குச் சிரிப்பு வந்தது. "என்ன செஞ்ச?"

"கஞ்சி ஊத்துனேன்."

"அவருக்கா? அப்பாவக் கொன்னவருக்கா?"

"அடையாளம் தெரிஞ்சிச்சுட்டி. அகப்பைய கீழ போட்டுட்டுப் போயிருவமான்னு இருந்துச்சு. பின்னால பிள்ளைய ரெண்டும் பசில அழுதுச்சு. ஊத்திட்டேன். அவரு மக எங்கூடத்தான் இருக்கா. கெணத்துத் தண்ணி ஒத்துக்கல அவளுக்கு, ஒரே இருமலு."

"அவள வெளிய அனுப்பும்மா!"

"எங்கட்டி அனுப்ப? இங்கருந்து வெளிய போக எடம் இருக்கா?"

ஆத்திரம் அம்மாவின் மேலா, ஷீபாவின் மேலா என்று செல்வகனிக்கே பிடிபடவில்லை. "நீ இங்க வந்துரு. நீ செம்போத்து சம்சாரம். நான் ஒரு கையெழுத்துப் போட்டா நாளைக்கே உன்னக் கூட்டிட்டு வந்துருவாவ. பெரிய வீடு குடுத்துருக்காவ."

"உங்கப்பன இங்கல்லா பொதச்சிருக்கு. நான் அந்த ஊருக்கு வந்து என்ன செய்ய? நீ வா. வழக்கம்போல கிறிஸ்மஸுக்கு வருவேல்லா? ஷீபாவுக்கு மருந்து எதுவும் கெடைச்சா வாங்கிட்டு வா."

சாம்பல் அட்டைக்காரர்களுக்கு வருடத்தில் ஒரு மாதம் கழுகுத்திட்டுக்குப் போய்வர அனுமதி உண்டு. முதல்நிலைக் குடி அங்கே கால் வைத்தால், வைத்த நொடியில் அவருடைய பெயரும் புனைபெயரும் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். செல்வகனி போனால் செம்போத்து மறுபடியும் யாருடைய பெயரும் இல்லாமல் போகும். கைகுலுக்கிய அன்று வாசித்துக் காட்டிய நிபந்தனைகளில் இது ஒன்பதாவது. அவள் அன்று அதைக் கவனித்துக் கேட்கவில்லை.

"ஏட்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா."

"வருவேல்லா?"

"வாறேம்மா" என்றாள்.

மறுமுனையில் ஒரு பெண் விடாமல் இருமுவது கேட்டது. பிறகு செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். "மெல்லக் குடி மக்கா, மெல்ல" என்று அம்மா யாரிடமோ சொன்னாள். பத்து நிமிடம் முடிந்து இணைப்பு அறுபடும் வரை செல்வகனி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.